செழியனுக்காகக் காத்திருந்த வீடுகள்

பிள்ளைகளெல்லாம் மெல்போர்னுக்கும் மஸ்கட்டுக்கும் டெக்சாஸுக்கும் போய்விட, அவர்கள் கட்டிய வீடுகள் மட்டும் திருச்சியிலேயே நின்றுகொண்டிருந்த காலத்தில், விமான நிலையத்துக்குப் பின்பக்கம் பொன்னரளி நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே ஆள் இருக்கிற வீடு குறைவு, ஆளுக்காக ஏங்கிக் கிடந்த வீடுதான் அதிகம். கிரானைட் படி இருக்கும், தேக்குக் கதவு இருக்கும், கேட்டின் மேல் இரண்டு சிங்கங்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பூட்டும் தொங்கும். விமானம் தாழப் பறந்து இறங்கும்போதெல்லாம் அந்த வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிர்ந்துவிட்டு, வந்தது நம்ம ஆள் இல்லை என்று தெரிந்ததும் அடங்கிவிடும்.

அந்தப் பூட்டுகளைப் பார்த்துத்தான் செழியனுக்கு யோசனை வந்தது. பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவன். ஒருநாள் மீட்டிங் என்று கூப்பிட்டு, காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு அப்போது எதுவும் இல்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். லால்குடி வீட்டை அண்ணன்களும் அவனுமாக விற்றுப் பங்கு பிரித்திருந்தார்கள். எடுத்துச் செய்ய ஆள் இல்லாததால் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போய், தள்ளுவதற்குக்கூட யாரும் இல்லாமல் நின்றுவிட்டது. சுப்பிரமணியபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேஜையைப் போட்டு, கதவில் 'வீட்டாள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினான். பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. அதற்கான மொபைல் ஆப்பை எழுதிக் கொடுத்தவன் ஹாஜா என்ற கூட்டாளி. எழுதி முடித்த கையோடு அவனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. பிறகு கம்பெனிக்கு நிறுவனரும் செழியன்தான், தொட்டி கழுவுகிறவனும் செழியன்தான்.

வாரம் ஒருமுறை வீட்டைத் திறப்பான். குழாய்களை ஓடவிடுவான், மோட்டார் போடுவான், ஃப்ளஷ் இழுப்பான், ஜன்னலைத் திறந்து காற்றாட விடுவான், பரணில் குடித்தனம் நடத்தும் புறாக்களிடம் சண்டை போடுவான், கரண்ட் பில் கட்டுவான், எல்லாவற்றையும் படம் பிடித்து ஆப்பில் ஏற்றுவான். அங்கே மெல்போர்னில் ஒரு பல் டாக்டர் தூங்கப்போகும் முன்னால் தன் சமையலறைக் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டுத் தூங்குவார்.

அந்தப் பல் டாக்டர்தான் முதல் வாடிக்கையாளர். முதல்நாள் அவர் வீட்டைத் திறந்தபோது, சும்மா குழாயையும் குப்பையையும் படம் பிடித்து அனுப்பினால் நன்றாக இருக்காதே என்று தோன்றி, ஒரு புதுப் பாத்திரமும் ஒரு பாக்கெட் பாலும் வாங்கிவந்து, அடுப்பில் வைத்து, பால் பொங்கி வழிகிற வரைக்கும் வீடியோ எடுத்து அனுப்பினான். பகுத்தறிவுக்காரர் மகன், அவனுக்கு நல்ல நாளும் கிடையாது, கெட்ட நேரமும் கிடையாது, அது வெறும் விளம்பரம். ஆனால் டாக்டரின் மனைவி அதைப் பார்த்து அழுதுவிட்டார். அழுதவர் அதை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்ப, கண்ட தேசத்திலிருந்தெல்லாம் வீடுகள் வந்து சேர்ந்தன. அதிலிருந்து அதுவே கம்பெனியின் வழக்கமாகிவிட்டது: புது வீடு வந்தால் முதல்நாள் பால் காய்ச்சுவது, வீடியோ அனுப்புவது, பிறகு அந்தப் பாலைக் கொடுக்க ஆள் இல்லாததால் சிங்க் பக்கத்தில் நின்றபடியே அவனே குடித்து முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது.

இப்படி ஊரில் பாதி வீடுகளுக்குப் பால் காய்ச்சியபிறகு, ஒருநாள் அந்தி சாயும் நேரத்தில் அவன் ஸ்கூட்டர் மூன்றாம் தெரு முனையில் திரும்பியதும், மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் பிலோமினாவின் பூட்டிக் கிடந்த வீட்டு வாசல் விளக்கு தானாக எரிந்தது. அவன் படியேறி, சட்டைப்பையில் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. உள்ளே மின்விசிறி அவனுக்குப் பிடித்த மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுவாரம் பல் டாக்டர் வீடும் அப்படியே செய்தது. அதற்கடுத்து டெக்சாஸ்காரர் வீடு, துபாய்க்காரர் வீடு, அண்ணனும் தம்பியும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த பச்சை வீடு என்று ஒவ்வொன்றாக அவனை எதிர்பார்க்க ஆரம்பித்தன.

பிலோமினா வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த ஜெய்புன்னிசாவுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை.

"பால் காய்ச்சுனது யாரு? நீங்கதானே தம்பி. அதுக்குத் தெரிஞ்ச வீட்டுக்காரரு நீங்கதான். மெல்போர்ன்ல இருக்குறவரு வீட்டுக்குப் பேரு வச்சாரு, அம்புட்டுதான்" என்றார்.

பொன்னரளி நகர் இந்த விஷயத்தைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. மாலையில் வரிசையாக விளக்குகள் எரிந்தால் செழியன் தம்பி வந்துவிட்டார், மாடியில் காயும் துணியை எடுக்க வேண்டிய நேரம் என்று பெண்கள் தெரிந்துகொண்டார்கள். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் எந்த வீடு முதலில் விளக்குப் போடும் என்று பந்தயம் கட்டினார்கள். வீடுகளுக்குள் போட்டியும் வந்தது. பச்சை வீட்டுக்கு முதலில் போனால் துபாய்க்காரர் வீடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். மோட்டார் போட்டால் உறுமும், ஆனால் தண்ணீர் ஏற்றாது. அதனால் செழியன் முறை வைத்துக்கொண்டு போனான், எல்லா வீட்டிலும் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்து எழுந்து வந்தான். கல்யாணத் தரகர் ஒருவர், இத்தனை வீடுகள் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டு ஜாதகத்தோடு ஓடிவந்து, ஒரு வீட்டுக்குக்கூட பட்டா அவன் பேரில் இல்லை என்று தெரிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சந்தானம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஈ பறந்தால்கூட அதற்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றாமல் விடமாட்டார். அவசரக் கூட்டம் போட்டார். ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிந்தால் மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். தெருவிளக்கு எரியாத தெருவில் வீட்டு விளக்காவது எரியட்டுமே என்று இன்னொருவர் எழுந்தார். கடைசியில், வீடுகள் காத்திருப்பதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இரவில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டு, அதைத் தட்டச்சு செய்து ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டினார்கள். பெரும்பாலான வீடுகள் கட்டுப்பட்டன.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு சந்தானம் மட்டும் செழியனை ஓரமாக அழைத்துப்போனார்.

"மிஸ்டர் செழியன், ஒரு பர்சனல் ரிக்வெஸ்ட். நம்ம வீட்லயும் ஒரு தடவை பால் காய்ச்சுவீங்களா?"

"உங்க வீட்லதான் நீங்க இருக்கீங்களே சார்."

"இருக்கேன். அவ போனதுக்கப்புறம், நான் வாக்கிங் போயிட்டு வந்தா வீடு இருட்டாவே இருக்கு."

"நான் காய்ச்சினா அது எனக்காகத்தான் சார் விளக்குப் போடும். உங்களுக்காகப் போடாது" என்றான். சந்தானம் சரி சரி என்று தலையாட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வாடகைக்காரரைத் திட்டப் போய்விட்டார்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் முதலில் பதறினார்கள். பிறகு காத்திருக்கும் வீட்டில் சுவரில் பூஞ்சை பூப்பதில்லை, கரப்பான் வருவதில்லை, கதவு இற்றுப்போவதில்லை என்று தெரிந்ததும் சமாதானமானார்கள். பல் டாக்டர் லீவில் வந்தபோது அவர் வீடு அவரை விருந்தாளியைப்போல் ஹாலில் மட்டும் உட்காரவைத்தது. அவரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டலில் ஏசி ரூம் போட்டுத் தங்கி, குலதெய்வம் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே பறந்துபோனார். பதினைந்து நாளைக்கு வருகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

சென்னையிலிருந்து முதலீட்டாளர் மிருணாளினி வந்தார். அந்தியில் தெருமுனையில் நின்று, செழியன் நடக்க நடக்க விளக்குகள் எரிவதைப் பார்த்து அவருக்குப் புல்லரித்தது. எத்தனையோ ஸ்டார்ட்அப்புகளைப் பார்த்திருக்கிறேன், வாடிக்கையாளரின் வீடே விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மதுரை, கோவை, நாகர்கோவில் என்று எல்லா ஊரிலும் நீங்களே உங்கள் கையால் பால் காய்ச்ச வேண்டும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

"ஒரே ஒரு ரிஸ்க்தான் செழியன். இந்த வீடுங்கள யாரும் திரும்பக் கேக்காத வரைக்கும் நமக்குப் பிரச்சினை இல்ல" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

செழியனுக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவன் வழக்கம்போல் எல்லா வீடுகளையும் முடித்துவிட்டுக் கடைசியாக பிலோமினா வீட்டுக்குப் போனான். அதைத்தான் எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வான். மற்ற வீடுகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டானே தவிர, அவன் மனம் அந்த வீட்டில்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து, வாங்கிவந்த பரோட்டாவைப் பிரித்துச் சாப்பிடுவான். இன்றைக்கு இன்னது நடந்தது, இன்னார் இப்படிச் சொன்னார் என்று உரக்கவே பேசுவான். வீடு பதில் சொல்லாது, ஆனால் அவன் பேசும்போது மின்விசிறியின் சத்தம் குறையும். பிறகு சுப்பிரமணியபுரத்துக்குப் போய், இருட்டு அறையில் சுவரைத் தடவித் தடவி ஸ்விட்சைத் தேடுவான். ஊரில் இத்தனை விளக்குகள் அவனுக்காக எரிய, படுக்கிற அறையில் மட்டும் அவனே விளக்குப் போட வேண்டியிருந்தது.

பிலோமினா சித்திரை வெயிலில் வந்து இறங்கினார், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் வலிக்கிற முழங்காலுமாக. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ஓய்வு பெற்று ஒரேயடியாக வந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கைகளைக் கரையேற்றியபிறகு கையில் மிஞ்சியதைக் கொண்டு, கொத்தனாரிடம் போனிலேயே பேசிப் பேசிக் கட்டிய வீடு அது. படுக்கையறை ஜன்னல் கிழக்கே இருக்க வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கியவர். வீடு முடிந்து புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தபோது லீவு கிடைக்கவில்லை. நான் வராமல் பால் காய்ச்சாதீர்கள் என்று சொன்னார், யாரும் காய்ச்சவில்லை. வருஷக்கணக்கில் யாரும் காய்ச்சாத அந்த வீட்டில், ஆப்பில் பேர் பதிந்த அன்று செழியன் போய்க் காய்ச்சினான்.

டாக்ஸி போனபிறகு அவர் பூட்டில் சாவியைப் போட்டார். சாவி திரும்பவில்லை. மேலும் கீழும் ஆட்டினார், எண்ணெய் விட்டார், அந்தோணியாரைக் கூப்பிட்டார். கதவு அசையவில்லை. வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு செழியனுக்குப் போன் செய்தார். அவன் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும் பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்தது, கதவு அகலத் திறந்துகொண்டது.

"அட! நீங்கதானா அந்தத் தம்பி?" என்று பிலோமினா சிரித்தார். "நீங்க பால் காய்ச்சுன வீடியோவ எங்க வார்டுல எல்லாருக்கும் காமிச்சேன். பேஷன்ட்டுக்குக்கூடக் காமிச்சேன்."

செழியன் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

வீடு பிலோமினாவிடம் மரியாதையாகவே நடந்துகொண்டது, அதுதான் கொடுமை. ஹாலில் உட்காரவைத்தது, விசிறி போட்டது, விருந்தாளிக்கு என்ன உண்டோ அதையெல்லாம் செய்தது. படுக்கையறைக் கதவை மட்டும் திறக்கவில்லை. அவர் கைவைத்தால் குழாயில் தண்ணீர் வராது, அடுப்பு பற்றாது. செழியன் வந்து திருகினால் கொட்டும், எரியும். அவன் கிளம்பிப் போனாலோ, வாசல் கதவு தானாகத் திறந்துகொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்கும். சங்கத் தீர்மானத்தை அந்த ஒரு வீடு மட்டும் மதிக்கவில்லை. தனி மனுஷி, திறந்த கதவுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கிவைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் விழித்துக் கிடந்தார். ஜெய்புன்னிசா பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து துணைக்குப் படுத்தார்.

தெருவே கூடி வழி பார்த்தது. பங்குத்தந்தை வந்து மந்திரித்தார். வீடு அவரையும் ஹாலில் உட்காரவைத்து விசிறி போட்டது. சந்தானம் ஒப்படைப்புக் கடிதம் ஒன்றைத் தயாரித்து, செழியனிடமும் பிலோமினாவிடமும் கையெழுத்து வாங்கி, கேட்டுக்கு வெளியே நின்று கணீரென்று வாசித்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பிலிருந்து அந்த வீட்டின் கணக்கை அழித்தான் செழியன். வீட்டுக்கு ஆப் படிக்கத் தெரியாது. ஜெய்புன்னிசா சொன்னபடி பிலோமினா தன் கையாலேயே பால் வைத்தார். நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். பால் வெதுவெதுவென்று ஆகி அப்படியே நின்றது. அடுப்பைப் பெரிதாக வைக்கலாம் என்று செழியன் அனிச்சையாகக் கையை நீட்டியதும் சடசடவென்று பொங்கி வழிந்தது. யாரும் குலவை போடவில்லை. பிலோமினா துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார்.

ஆகவே காலையிலும் மாலையிலும் செழியன் வர வேண்டியிருந்தது. குழாயைத் திறக்க, அடுப்பைப் பற்றவைக்க, குளியலறைக் கதவைத் தள்ளிவிட. வந்தவனை அவர் சும்மா அனுப்பவில்லை.

"ஒக்காருங்க தம்பி. அடுப்ப பத்தவச்சவரு சாப்புடாமப் போகக் கூடாது."

மத்தி மீன் குழம்பு வைத்தார், மஸ்கட்டில் கற்றுக்கொண்ட மாதிரி ஆட்டுக்கறிச் சோறு ஆக்கினார். இருவரும் ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் வார்டுக் கதைகளைச் சொல்லுவார். அவன் புறாக் கதைகளைச் சொல்லுவான். அவன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளாவிட்டால் ஏன், உப்பு கூடிப்போச்சா என்று கேட்பார். இப்படியெல்லாம் யாரும் அவனைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. காத்திருக்கும் வீடும் இருந்தது, சாப்பிட்டீங்களா என்று கேட்கும் ஆளும் வந்துவிட்டார். வாழ்நாளில் அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஏனென்றால் வீட்டை விடுவிக்கும் வழி அவனுக்குத் தெரியும்.

பால் காய்ச்சியதால் வீடுகளுக்கு அவனைத் தெரிந்தது, அவ்வளவுதான். அவற்றைக் காத்திருக்க வைத்தது வேறொன்று. ஒவ்வொரு முறை கதவைப் பூட்டும்போதும், எந்த வீட்டிலிருந்து எவர் கிளம்பினாலும் வாயில் தானாக வருகிற அந்த வார்த்தை அவன் வாயிலும் வந்தது: போயிட்டு வரேன். ஆளில்லாத வீட்டிடம் சொல்கிறோமே என்றுகூட அவன் நினைத்ததில்லை. ஆனால் வீடுகள் அதை அப்படியே நம்பிவிட்டன. ஒருமுறை போனில் பேசிக்கொண்டே பச்சை வீட்டைச் சொல்லாமல் பூட்டிவிட்டு வந்தான். அடுத்த முறை அது விளக்குப் போட ரொம்பவும் யோசித்தது. அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் வந்ததற்கே அந்தப் பாடு என்றால், அந்த இன்னொரு வார்த்தையைச் சொன்னால் வீடு அத்தோடு கையைக் கழுவிவிடும். நம் பக்கத்தில் வாசலில் நின்று யாரும் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். குழந்தை தெரியாமல் சொன்னால்கூட வாயில் ஒரு தட்டுத் தட்டி மாற்றிச் சொல்லவைப்பார்கள். அதைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஒரு பயம். அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி படியேறினால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பாவம், பிரியாணி செய்கிறேன் என்றிருக்கிறார். அதற்கடுத்த நாள் அவருக்கு முழங்கால் வலி. அதற்கடுத்த நாள் சும்மாவே மனசு வரவில்லை.

ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பிலோமினா குழாயடியில் நின்றார். குழாய் அவருக்காக ஓடவில்லை. செழியன் திறந்துவிடுவதற்காகக் கையை நீட்டியபடி நின்றார். நின்றவர் மெதுவாகச் சொன்னார்:

"போன காலமெல்லாம் ஹாஸ்டல்ல ஒரு கட்டிலு, ஒரு அலமாரி தம்பி. பக்கத்துக் கட்டில்காரி தூங்குறாளான்னு பாத்துத்தான் லைட்டு போடுவேன். சரி, நமக்குன்னு ஒரு ரூமு கட்டியிருக்கோம், கெழக்க ஜன்னல் வச்சிருக்கோம், போய்ப் படுத்துக்கலாம்னு நெனச்சு நெனச்சே ஓட்டிட்டேன். இப்பவும் ஹால்லதான் படுத்துருக்கேன். அந்த ஜன்னல நான் இன்னும் உள்ளருந்து பாக்கல."

அவர் அழவில்லை. செழியன் குழாயைத் திறந்துவிட்டான். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. நம் சுகத்துக்காக ஒரு மனுஷியைச் சோபாவில் படுக்கவைத்திருக்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். மிருணாளினியின் செய்தி போனில் கிடந்தது: அடுத்த வாரம் பார்ட்னர்களோடு வருகிறேன், முதன்முதலில் விளக்குப் போட்ட அந்த வீட்டை அவசியம் காட்டுங்கள், அதுதான் நம் கதை. அவன் பதில் எழுதவில்லை.

மறுநாள் மாலை அவன் வந்தபோது வீடு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே விளக்கைப் போட்டு வைத்திருந்தது. அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தான். குழாய்களையெல்லாம் திறந்து மூடினான். பிலோமினா வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். அவர் பேசிக்கொண்டே இருக்க, அவன் மெல்ல வாசலுக்கு வந்தான். தேக்கு நிலையில் கையை வைத்தான். வெயில் இறங்கியும் மரம் சூடாக இருந்தது. உள்ளே விசிறியின் சத்தம் குறைந்தது. அவன் ஏதோ சொல்லப்போகிறான், கேட்போம் என்று வீடு காதைத் தீட்டிக்கொண்டது. அவனுக்கு அழுகை வந்தது. அப்பா செத்தபோது வந்த மாதிரி வந்தது.

"போறேன்" என்றான்.

வீடு ஒரு கணம் அசைவற்று நின்றது. பிறகு வாசல் விளக்கு அணைந்தது. அவன் கைக்கு அடியில் நிலை குளிர்ந்துகொண்டே போய், எந்தக் கடையிலும் விற்கிற வெறும் மரமாக ஆகிவிட்டது. உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"தம்பி! ரூம் தெறந்துடுச்சு தம்பி! இங்க வந்து பாருங்க!" பிலோமினாவின் குரல் வீடு முழுக்க ஓடியது. "ஜன்னலும் தெறக்குது! தென்னமரம் தெரியுது!"

அவன் உள்ளே போகவில்லை. படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்தான். எதிர்வீட்டு ஜெய்புன்னிசா விளக்கு அணைந்ததைப் பார்த்து வெளியே வந்தவர், அவன் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்றுகொண்டார். பிலோமினா நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் வலியையும் மறந்து ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வெங்காயம் பாதி, மீதி வேறு.

"எங்க கெளம்பிட்டீங்க? கொழம்பு கொதிக்குது. இன்னைக்கு நானே அடுப்ப அணைச்சேன், நானே பத்தவச்சேன்! வாங்க, ரூமப் பாருங்க."

"வேலை இருக்குக்கா."

"அப்ப நாளைக்கு வாங்க. இனிமே கொழாயத் தெறக்கவெல்லாம் வர வேணாம். சும்மா வாங்க. என் வீட்டுக்குச் சாப்புட வாங்க."

அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தான்.

"என்ன தம்பி பேசாமப் போறீங்க? நல்ல நாளும் அதுவுமா இப்படியா கெளம்புவாங்க? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் வாசல் கதவு திறந்திருந்தது. வீடு இன்னும் முழுசாக மறந்திருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து காத்திருக்க அது தயாராக நின்றது. செழியன் தலையை ஆட்டினான்.

"தலைய ஆட்டுனா ஆச்சா? ஒத்த மனுஷி இருக்கேன், எனக்கு யாரு தம்பி வர்றேன்னு சொல்றதுக்கு இருக்கா? வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றார் பிலோமினா, சிரித்துக்கொண்டே, கேட்டைப் பிடித்துக்கொண்டே.

செழியன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பல் டாக்டர் வீடு விளக்குப் போட்டது, பச்சை வீடு விளக்குப் போட்டது, துபாய்க்காரர் வீடு கதவையே திறந்துவிட்டது. அவன் எதையும் பார்க்காமல் ஓட்டினான். தெருமுனைக்கு வந்து, வீட்டுக்கும் கேட்காது அக்காவுக்கும் கேட்காது என்று நிச்சயமானபிறகு, வண்டியை ஓரமாக நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு, யாரும் இல்லாத அந்த ரோட்டைப் பார்த்து, "போயிட்டு வரேன்க்கா" என்றான்.